லேத் பட்டறைக்காரர் ஆவடியில் டாங்கி உதிரி வேலை பிடிப்பது எப்படி?

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் லேத் வைத்திருக்கும் பலருக்கு, ராணுவ வேலை என்றாலே தில்லியில் ஆள் பிடிக்க வேண்டிய சமாச்சாரம் என்று நினைப்பு. வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் ஆவடி, அவ்வளவுதான். 1965இல் விஜயந்தா டாங்கியைச் செய்து வெளியே விட்ட ஆலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். 2021 அக்டோபர் 1 அன்று பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, 41 ஆலைகளையும் ஏழு அரசுக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆவடியின் டாங்கி ஆலையும் எஞ்சின் ஆலையும் ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாமுக்குக் கீழே வருகின்றன, அதே ஊரில் சீருடை தைக்கும் ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. எனவே பழைய வெண்டர் (சப்ளையர்) பதிவு எங்கே செல்லும் என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, அரசு பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் கணக்கு. இதெல்லாம் ஒரு நாள் வேலை. ராணுவ அமைச்சகத்தின் ஸ்ரீஜன் தளத்தில், இங்கேயே செய்ய ஆள் தேடி, வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொருட்களின் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் மெஷினுக்கு அடங்கும் ஒன்றை மட்டும் எடுங்கள், ஆசைப்பட்டுப் பத்து எடுக்க வேண்டாம்.

நிறையப் பேர் சறுக்குவது பொருளின் அளவில் இல்லை, கம்பியில்தான். வாங்கிய கம்பியின் முனையில் ஹீட் நம்பர், அதாவது அது எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண், பஞ்ச் அடித்திருப்பார்கள். அந்த முனையை முதலில் வெட்டிவிட்டால் மிச்சக் கம்பி அநாதை. உருக்காலை தரும் மில் சர்டிபிகேட் (உலோகத் தரச் சான்று) கையில் இருந்தும் இந்தத் துண்டு அந்தக் கம்பிதான் என்று நிரூபிக்க முடியாது. எங்கள் பட்டறையில் 40 புஷ் (குழல் போன்ற உதிரி) இப்படித்தான் திரும்பி வந்தது, அளவு ஒவ்வொன்றும் மைக்ரோமீட்டரில் சரியாக இருந்தும். வெட்டும் முன்பே நம்பரை மறுமுனையிலும் பஞ்ச் அடித்துவிடுங்கள். மைக்ரோமீட்டருக்கும் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி தாண்டியிருக்கக் கூடாது.

புதிதாக ஏதாவது வடிவமைத்திருந்தால் ராணுவத்துக்கான புதுக் கண்டுபிடிப்புகளுக்கு உதவ அரசு 2018இல் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டம் இருக்கிறது. அதன் சேலஞ்ச் போட்டியில் தேர்வானால் 1.5 கோடி வரை மானியம், ஆனால் நீங்களும் அதே அளவு போட வேண்டும், பணமும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அடுத்தவர் தரும் வரைபடப்படி கடைந்து கொடுக்கும் வெறும் ஜாப் ஒர்க் செய்கிறவர் இதன் பின்னால் அலைய வேண்டாம் என்பேன்.

ஒரே கஸ்டமரை நம்பிப் புது மெஷினுக்கு லோன் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 1990களில் 51 பெரிய ஆயுதக் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி ஐந்தாகின. 1995இல் லாக்ஹீடும் மார்ட்டின் மரியெட்டாவும் சேர்ந்தன, 1997இல் மெக்டொனல் டக்ளஸ் போயிங்குக்குள் போனது. வாங்குகிறவர் குறைந்தால் விலையை அவர்தான் சொல்வார். பம்ப் வேலையோ ரயில்வே வேலையோ, இப்போது கையில் இருப்பதை விடாதீர்கள். பில் பணம் 45 நாளைத் தாண்டினால் குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டி கேட்க 2006 சட்டத்தில் இடமுண்டு, அதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம்.

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு இன்னொன்று: கடல் காற்றில் கடைந்த இரும்பு ராத்திரியோடு ராத்திரியாகத் துருப்பிடிக்கும். மெஷினை விட்டு இறக்கியதும் துருத்தடுப்பு எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள், வெறுங்கையால் தொட வேண்டாம்.