அலைநீளம் மாற்றும் படிகங்கள்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றிலோ அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ 1064 நானோமீட்டர் லேசரிலிருந்து 532 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பெற விரும்பும் ஆய்வு மாணவர், உள்ளிருக்கும் மின்முனைவின் திசையை அடுக்கடுக்காக ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி அமைத்த லித்தியம் நையோபேட் படிகத்தை நாடக்கூடும். அப்படிகத்துக்குள் அகச்சிவப்பும் பச்சையும் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், ஏறத்தாழ 3.4 மைக்ரான் கடந்ததும் புதிதாகப் பிறக்கும் பச்சை ஒளி முன்பு பிறந்ததை அழிக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தில் முனைவின் திசையைத் திருப்பிவிட்டால் அழிவு நின்று வளர்ச்சி தொடரும். இயற்பியலாளர் புளூம்பெர்கனும் அவருடன் பணியாற்றியோரும் 1962-இல் முன்வைத்த கருத்து இது. இரு திருப்பங்கள் சேர்ந்த சுழல்நீளம் ஏறத்தாழ 7 மைக்ரான். அது படிகத்தில் நிலையாகப் பதிந்துவிடுவதால், இரு ஒளிகளின் வேகத்தை அதற்குப் பொருத்த, பிறகு நாம் மாற்றக்கூடியது பெரும்பாலும் வெப்பநிலை மட்டுமே.

ஆகவே படிகத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பெருந்தவறு நிகழ்ந்துவிடுகிறது. 25 அல்லது 30 டிகிரியில் பொருந்தும் சுழல்நீளத்தைத் தேர்ந்தெடுப்பவர், நம் சீமையின் சித்திரை வெயிலை மறந்துவிடுகிறார். படிகத்தை வைக்கும் சூட்டடுப்புகளில் பல சூடாக்க மட்டுமே வல்லவை. அறையே 35 டிகிரியைத் தாண்டிய பிற்பகலில் அவற்றால் படிகத்தை 30 டிகிரிக்கு இறக்க முடியாது. பெல்டியர் குளிர்விப்பானைப் பொருத்தினாலும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரக்காற்றில் படிக முகப்பில் நீர் பூக்கும் அபாயம் உண்டு. அறை வெப்பநிலைக்கு நன்கு மேலே, 60 டிகிரியிலோ அதற்கு மேலோ பொருந்துமாறு கேட்டு வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அதன் பின்னும் விற்பனையாளர் தாளில் குறித்த எண்ணில் நிறுத்திவிடாமல், அதன் இருபுறமும் மெதுவாக வெப்பநிலையை நகர்த்திப் பார்க்க வேண்டும். உணரி காட்டுவது சூட்டடுப்பின் வெப்பநிலையை. ஒளி செல்லும் பாதை அதிலிருந்து சற்று மாறுபடும். 10 மில்லிமீட்டர் படிகத்தில் பொருத்தம் சில டிகிரிக்குள்ளேயே அடங்கிவிடும், நீளம் கூடக்கூட அது இன்னும் குறுகும். அவசரப்பட்டு விரைவாகச் சூடாக்குவதும் கூடாது. லித்தியம் நையோபேட் வெப்பம் மாறும்போது தன் முகங்களில் மின்னூட்டம் சேர்க்கும் பொருள். திடீர் மாற்றம் அதைப் பிளக்கவும் கூடும். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது சூட்டடுப்பு தானே முழுவேகத்தில் ஏறாதவாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒளியின் தளவிளைவு, அதாவது அதன் மின்புலம் அதிரும் திசை, படிகத்தின் இசட் அச்சை ஒட்டி இருந்தால்தான் அலைநீளத்தை மாற்றும் அதன் வலிமையான நேரியலற்ற குணகம் பயன்படும்; இதை, அத்திசையைத் திருப்பும் அரையலைத் தகட்டால் சரிபார்ப்பதற்கு முன் படிகத்தைக் குறைகூறுவது நியாயமன்று.

கற்றையை எவ்வளவு இறுக்கிக் குவித்தாலும் நல்லது என்று நினைப்பதும் தவறு. அளவுக்கு மீறிக் குவித்த கற்றை விரைவில் விரிந்துவிடுவதால், படிகத்தின் பெரும்பகுதி வீணாகிறது. பாய்டு, கிளெயின்மன் இருவரும் 1968-இல் கணித்தபடி, படிக நீளம், கற்றை அதிகம் விரியாமல் குறுகலாக நீடிக்கும் தொலைவைப்போல் (confocal parameter) 2.84 மடங்கு இருப்பது உகந்தது. 20 மில்லிமீட்டர் படிகத்துக்கு அது ஏறத்தாழ 24 மைக்ரான் ஆரமுள்ள இடுப்பை, அதாவது கற்றையின் மிகக் குறுகிய இடத்தை, தரும். திறன் அதிகமெனில், மக்னீசியம் ஆக்சைடு கலந்த படிகத்தையே கேளுங்கள். கலப்பில்லாத படிகத்தில் பச்சை ஒளியே ஒளிவிலகலைக் குலைத்துக் கற்றையைச் சிதைக்கும்.

பச்சைத் திறனை அளக்கும்போது, மாற்றமடையாமல் எஞ்சிய அகச்சிவப்பும் மீட்டருக்குள் நுழைந்து விளைவைப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டையும் பிரிக்கும் இருநிற ஆடி ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். படிகத்தைப் பொருத்த வெப்பநிலையிலிருந்து நன்கு விலக்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பச்சை மறைந்த பின்னும் அது காட்டும் அளவைக் கழித்த பிறகே விளைதிறனைக் கணக்கிட வேண்டும்.