நிமோனியா கிருமியைத் தேடும் ஆன்டிபாடி: ஆய்வகத்தில் தவறு நேரும் இடங்கள்

ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட கிருமியோடு ஒட்டிக்கொள்ளும் புரதம். அதை வைத்துச் செய்யும் சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால், மாதிரியில் ஏதோ ஒன்று ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டது என்பது மட்டுமே உறுதி. ஒட்டியது நாம் தேடிய கிருமிதானா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் முடிவை எழுதிக் கொடுப்பதே முதல் தவறு.

இதில் பெரிய ஏமாற்றுக்காரன் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். இதுவும் நிமோனியாவை உண்டாக்கக்கூடியதுதான். ஆன்டிபாடி தன் இரு கைகளால்தான் கிருமியை அடையாளம் காண்கிறது. ஆனால் இந்தக் கிருமியின் மேற்பரப்பில் உள்ள ‘புரோட்டீன் ஏ’ ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால், நிமோனியாவின் முக்கியக் காரணியான நிமோகாக்கஸ் கிருமிக்கென்று முயலில் தயாரித்து, ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடி, சளியில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸிலும் ஒட்டி அழகாக ஒளிரும். அதே மாதிரியில், நிமோகாக்கஸ் செலுத்தப்படாத முயலின் சாதாரண ஐஜிஜி (இரத்தத்தில் அதிகமாக உள்ள வகை) ஆன்டிபாடியையும் போட்டுப் பாருங்கள். அதுவும் ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்காக ஒரு ஸ்லைடை வீணாக்குவானேன் என்று கணக்குப் பார்ப்பது வீண் சிக்கனம். வால் நீக்கிய ஆன்டிபாடித் துண்டுகளோ, கோழி முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் ஐஜிஒய் ஆன்டிபாடியோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கோழியின் ஆன்டிபாடியோடு புரோட்டீன் ஏ சேர்வதில்லை.

நிமோகாக்கஸின் வகையைக் கண்டறிய, 1902-இல் நியூஃபெல்ட் விவரித்த குவெல்லுங் சோதனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிருமியும் உரிய சீரமும் (ஆன்டிபாடி உள்ள இரத்த நீர்) ஸ்லைடில் கலந்ததும், கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை உறை துலங்கி, கிருமியைச் சுற்றித் தெளிவான வளையம் தெரியும். பலர் கிருமியை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். கூட்டம் அதிகமானால் இருக்கும் ஆன்டிபாடி பங்கிட்டே தீர்ந்துவிடும். வளையம் தெரியாது, நெகட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். பழைய கல்ச்சரும் (ஆய்வகத்தில் வளர்த்த கிருமி) ஆகாது. நிமோகாக்கஸ் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும் கிருமி. முந்தைய நாள் இரவு வளர்த்ததே நல்லது. ஆன்டிபாடி பூசிய நுண்மணிகள் கிருமியோடு சேர்ந்து திரளும் லேட்டக்ஸ் திரட்சிச் சோதனையில் உப்புநீரோடு மட்டும் கலந்த ஒரு துளியும் பக்கத்தில் இருக்க வேண்டும். சீரமே இல்லாமல் தானாகத் திரளும் கிருமிகளும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒரு சீரத்தில் எதிர்வினை இல்லை என்றதும் கிருமியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் போன்ற உறவினர்கள் சில சீரங்களோடு சேர்ந்துகொள்வதால், ஆப்டோச்சின் என்ற வேதிப்பொருளாலும் பித்த உப்பாலும் நிமோகாக்கஸைப் பிரித்தறியும் சோதனைகளை விட்டுவிடக் கூடாது.

சிறுநீரில் கிருமியின் துகள்களைத் தேடும் சோதனையில் வேறு சிக்கல். மூக்கிலும் தொண்டையிலும் நிமோகாக்கஸைச் சும்மா சுமக்கும் குழந்தைகளுக்கும் பாசிட்டிவ் வரலாம். நிமோனியா குணமாகிப் பல வாரங்கள் கழித்தும், தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள்ளும் வரலாம். நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமியான லீஜியோனெல்லாவுக்கான சிறுநீர்ச் சோதனைகளில் பெரும்பாலானவை, அதன் நிமோஃபிலா இனத்தில் சீரத்தால் பிரித்தறியும் குழுக்களில் முதலாவதையே பிடிக்கும். நெகட்டிவ் என்பதால் அந்த நோயை ஒதுக்கிவிட முடியாது.

சேமிப்பு விஷயத்தில், ஒரே ஆன்டிபாடிக் குப்பியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காதீர்கள்; சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு, நிறத்தை உண்டாக்கும் பெராக்ஸிடேஸ் நொதியை முடக்கும். அந்த நொதி இணைத்த ஆன்டிபாடிக் கரைசலில் அசைடு கலந்திருந்தால், எலைசா (நிறமாற்றத்தால் கண்டறியும் ஆன்டிபாடிச் சோதனை) தட்டில் கிருமி இருந்தும் நிறம் வராது.