கோத்லண்ட் போனால் ஸ்டேஷனோடு திரும்பாதீர்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சின்ன கிராமம் கோத்லண்ட். நம்மவர்கள் பெரும்பாலும் அங்கே போவது ரயில் நிலையத்துக்காக. 2001-ல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்தில் ஹாக்ஸ்மீட் ஸ்டேஷனாகக் காட்டியது இதைத்தான். நீராவி ரயிலில் வந்து இறங்குவார்கள், நடைமேடையில் போட்டோ எடுப்பார்கள், ஒரு டீ குடிப்பார்கள், அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த ஆற்றுப் பள்ளம், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரம்கூட இல்லாத மூர், அதாவது குட்டைச் செடிகள் மூடிய மேட்டுவெளி. இவ்வளவு அருகருகே இப்படி இரண்டு நிலங்கள் இருக்கும் ஊரில் நடைமேடையோடு நின்றுவிடக் கூடாது.

நான் மிடில்ஸ்பரோவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கோத்லண்டுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். முழங்கால் வலி உள்ள மாமியார், போனை விட்டுத் தலை நிமிராத அக்கா பையன், மலை என்றால் உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடும் சித்தப்பா என்று எல்லாவிதமான ஆட்களோடும் நடந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அங்கே எங்கே போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். ஊரில் இறங்கியதும் தெற்கே மூரைப் பாருங்கள். விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் மேலே ஏறுங்கள். மேகம் படிந்திருந்தால் பள்ளத்துக்கு இறங்குங்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால், வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் கிழக்குக் காற்று அடித்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும். பக்கத்துக் கடற்கரை ஊரான விட்பியில் வெயிலா, மழையா என்று பார்த்து இந்த மேட்டைக் கணிக்க முடியாது.

முதலில் பள்ளத்தைச் சொல்கிறேன். மழை பெய்த மறுநாள்தான் அதற்கு ஏற்ற நாள். மாலியன் ஸ்பவுட் ஓட்டலுக்குப் பக்கத்தில் ஒரு பாதை இறங்குகிறது. படிகள் செங்குத்து. கீழே வெஸ்ட் பெக் என்கிற ஓடை. மூரின் கரிச்சேற்று நிலத்தில் ஊறி வருவதால் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், அழுக்கு இல்லை. ஓடையை ஒட்டி மேல்நோக்கிப் போனால் மாலியன் ஸ்பவுட் அருவி. உயரம் சுமார் 21 மீட்டர். இது ஓடையின் நேர் வழியில் விழும் அருவி அல்ல, பக்கவாட்டுப் பாறையிலிருந்து பாசி வழியாக ஓடைக்குள் விழுகிறது. பத்து நாள் மழை இல்லாவிட்டால் வெறும் நூலாகத்தான் இருக்கும். குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

அருவிக்கு முந்தைய கடைசிப் பகுதியில் கவனம் வேண்டும். அங்கே பாதை என்று ஒன்று இல்லை. பெரிய பெரிய கற்கள், அவற்றின் மேல் வழுக்கும் பாசி. கையை ஊன்றித்தான் கடக்க வேண்டும். மாமியார் அந்த இடத்துக்கு முன்பே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார், நாங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவருக்கு அதில் குறை எதுவும் இல்லை. ஓடைச் சத்தமே போதும் என்றார். சுலபமாக நடக்க முடியாதவர்களை அங்கே வற்புறுத்தி இழுக்காதீர்கள். ஓடை நிரம்பி ஓடினால் யாருமே அந்தக் கற்களில் ஏற வேண்டாம்.

அருவியிலிருந்து ஏறி ஊருக்குத் திரும்பாமல், ஓடையின் போக்கிலேயே கீழே நடந்தால் பெக் ஹோல் வரும். சில வீடுகள், ஒரு பாலம், ஒரு புல்வெளி, பர்ச் ஹால் இன் என்கிற குட்டி மதுக்கடை, அவ்வளவுதான் அந்த ஊர். மதுக்கடையில் இரண்டு சின்ன அறைகள், நடுவில் ஒரு மிட்டாய்க் கடை. புல்வெளியில் கோடை மாலைகளில் க்வாய்ட்ஸ் ஆடுவார்கள். களிமண்ணில் நட்ட இரும்புக் கம்பியைக் குறிபார்த்து கனமான இரும்பு வளையத்தை வீசும் பழைய விளையாட்டு அது. ஆட்டம் நடந்தால் நின்று பாருங்கள்.

பெக் ஹோலிலிருந்து திரும்ப ஏறும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. புல் முளைத்த, ஒரே நேராக ஏறும் சரிவு. ஒரு காலத்தில் அது ரயில் பாதை. ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் வகுத்த விட்பி - பிக்கரிங் பாதை 1836-ல் முழுமையாகத் திறந்தபோது வண்டிகளை இழுத்தவை குதிரைகள். இந்தச் சரிவில் குதிரையால் முடியாது என்பதால் கயிறு கட்டி ஏற்றினார்கள். மேலே தண்ணீர் நிரப்பிய தொட்டி வண்டி கீழே இறங்க, அதன் எடையில் மறுமுனையில் இருந்த வண்டி மேலே ஏறும். அப்புறம்தான் கயிற்றை இழுக்க நீராவி எந்திரம் வந்தது. 1864-ல் கயிறு அறுந்து உயிர்ப்பலியும் நடந்தது. அடுத்த வருடம், 1865-ல், சரிவைத் தவிர்த்து வளைந்து போகும் புதுப் பாதை திறந்தது. இன்று நீங்கள் வரும் நீராவி ரயில் ஓடுவது அந்தப் புதுப் பாதையில். அதுவும் 1965-ல் மூடப்பட்டு, தன்னார்வலர்கள் விடாமல் உழைத்து 1973-ல் மீண்டும் ஓட வைத்த பாதை. மூச்சு வாங்க அந்தச் சரிவில் ஏறும்போது இதையெல்லாம் அக்கா பையனிடம் சொன்னேன். போனைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரை வைத்து எப்படி ஏற்றினார்கள் என்று மேலே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

அருவி, பெக் ஹோல், சரிவு என்று இந்தச் சுற்று மொத்தம் ஐந்து, ஆறு கிலோமீட்டர்தான். நின்று பார்த்துப் போனால் அரை நாள் ஆகும். ஏற்றமே வேண்டாம் என்றால் இதே பழைய பாதையில் தலைகீழாக, கோத்லண்டிலிருந்து க்ரோமான்ட் வரை இறங்கி நடக்கலாம். சுமார் ஐந்தரை கிலோமீட்டர். தொடக்கத்தில் சரிவு, அதன் பிறகு மர்க் எஸ்க் ஆற்றோரமாகச் சமதளம். க்ரோமான்டை நெருங்கும்போது எஞ்சின் கொட்டகையில் நீராவி எஞ்சின்களைப் பழுது பார்ப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே குதிரை வண்டிக் காலத்துச் சுரங்கம், அதற்குள் நடந்தே போய் ஸ்டேஷனை அடையலாம். திரும்பி வர ரயில். வயதானவர்களோடு போனால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சரி, வானம் தெளிவாக இருக்கிறது, மூருக்கு ஏறுகிறீர்கள். மாலியன் ஸ்பவுட் ஓட்டலுக்கு எதிரிலிருந்து தெற்கே போகும் பாதை ஒரு சின்னக் குளத்தைத் தாண்டி, டூ ஹவ்ஸ் ரிக் என்ற முகட்டின் மேல் ஏறி, சைமன் ஹவ் என்கிற கற்குவியலில் கொண்டுபோய் விடும். உயரம் 260 மீட்டர். கேட்டதும் சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். ஆனால் மூரில் பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, விரிவை. மேலே நின்றால் நாலு திசையும் திறந்திருக்கும். கற்குவியல் வரலாற்றுக்கு முந்தைய ஈமச்சின்னம். அதை நோக்கி நட்டு வைத்த கற்களின் வரிசை ஒன்றும் உண்டு. கிழக்கே தனியாக ஒரு மொட்டைப் பிரமிடு தெரியும். அது ஃபைலிங்டேல்ஸ் ராணுவ ரேடார், ஏவுகணை வருகிறதா என்று கவனிக்க வைத்தது. போக வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டலுக்கு அருகில் நல்ல பாதையாகத் தெரிவது போகப் போக ஹெதர் என்கிற குட்டைப் புதர்ச் செடிகளுக்கு நடுவே ஒரு காலடித் தடமாக மெலிந்துவிடும். ஆடுகள் உண்டாக்கிய தடங்களும் அப்படியேதான் இருக்கும், அவை எங்கும் போய்ச் சேராது. அதனால் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஓ.எஸ். வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 27 வரைபடத்தைக் காகிதமாகவே கையில் வையுங்கள். பள்ளங்களில் போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தில் வெளிர் மஞ்சளாக இருப்பது, 2000-ம் ஆண்டுச் சட்டப்படி பாதையை விட்டும் நடக்க உரிமை உள்ள நிலம். உரிமை உண்டு என்பதற்காக ஹெதருக்குள் புகுந்து நடக்காதீர்கள். கால் சிக்கும், வேகம் பாதியாகும். அதைவிட முக்கியம், மார்ச் முதல் ஜூலை வரை கர்லூ, கோல்டன் ப்ளோவர், லாப்விங் போன்ற பறவைகள் எல்லாம் தரையிலேயே முட்டையிட்டு அடைகாக்கின்றன. உங்கள் கால் பக்கத்தில் ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமடித்தால் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள், வந்த தடத்துக்கே திரும்பிவிடுங்கள். நாயோடு போனால் அந்த மாதங்களில், மஞ்சள் நிலத்தில், இரண்டு மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஹெதர் பூப்பது ஆகஸ்டில். மாத நடுவிலிருந்து கடைசி வாரம் வரை மூர் முழுக்க ஊதா. நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எந்த மாதம் வரலாம் என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஒன்று நினைவிருக்கட்டும்: க்ரவுஸ் பறவை வேட்டைப் பருவமும் ஆகஸ்ட் 12-ல் தொடங்குகிறது. துப்பாக்கிச் சத்தமோ, அறிவிப்புப் பலகையோ, கொடியோ இருந்தால் அங்கே நிற்பவரிடம் வழி கேட்டுப் போங்கள்.

இன்னும் தெம்பு இருந்தால், வீல்டேல் ஓடையைக் கடந்து மேற்கே வேட்ஸ் காஸ்வே. மூரின் நடுவே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குக் கல் பாவிய பழைய தடம். ரோமானியர் சாலை என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதற்கும் மிக முந்தைய எல்லைச் சுவராக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஊர்க்கதையோ, வேட் என்கிற ராட்சதன் தன் மனைவி பெல் பால் கறக்கப் போய்வருவதற்காகப் போட்ட பாதை என்கிறது. கட்டணம் கிடையாது. சைமன் ஹவ்வோடு சேர்த்தால் நாள் முழுக்க ஆகும். டிசம்பரில் வேண்டாம், மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் குளிருக்குப் பயப்படுகிறார்கள், காற்றை மறந்துவிடுகிறார்கள். தடிமனான ஒரே ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, வேண்டாம். பெரணிச் செடிகள் வளர்ந்த இடங்களில் உண்ணி இருக்கும். முழுநீளப் பேன்ட் போட்டு, காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பெல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்னாளில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம். வெயிலில் அட்டர் பாம்பு படுத்திருப்பதுண்டு. விஷமுள்ளது, ஆனால் மிதித்தாலோ பிடித்தாலோ தவிரப் பெரும்பாலும் கடிக்காது.

ஊருக்குள் ஆடுகள் சாலையிலும் வீட்டு வாசலிலும் சுதந்திரமாகத் திரியும். பொது நிலத்தில் மேய்க்கும் பழைய உரிமை அது. காரை மெதுவாக ஓட்டுங்கள், தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள்.

மேலே யாராவது விழுந்து அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் என்று மட்டும் கேட்டால் நேரம் வீணாகும். போன் போட முடியாத அளவு சிக்னல் குறைவாக இருந்தாலும் குறுஞ்செய்தி போகக்கூடும். அதற்கு முன்கூட்டியே 'ரிஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் வீட்டிலேயே செய்துவிடுங்கள். ஒரு விசில் வைத்திருங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

வந்து சேர, பிக்கரிங்கிலிருந்தோ விட்பியிலிருந்தோ நீராவி ரயில். குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது. லீட்ஸ், யார்க் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு கோஸ்ட்லைனர் 840 பஸ் மலிவு, மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் மூர் முழுக்கப் பார்த்துக்கொண்டே வரலாம். என் போல் மிடில்ஸ்பரோ பக்கம் இருப்பவர்கள் எஸ்க் வேலி ரயிலில் க்ரோமான்ட் வந்து மாறலாம். எல்லாமே நாளுக்குச் சில தடவைதான். கடைசி வண்டியின் நேரத்தைக் காலையிலேயே எழுதிக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியைக் குறி வைத்து நடையைத் திட்டமிடுங்கள்.