வங்கிக்காக நிலத்தை ஈடாக எடுப்பது எப்படி: பினாங்கில் தொழில் தொடங்கும் வழக்கறிஞர்களுக்கு

வணிகக் கடன் கோப்பு மேசைக்கு வந்ததும் இளம் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கடன் ஒப்பந்தத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அதைச் சற்று ஓரமாக வையுங்கள். அதன் வாசகம் பெரும்பாலும் வங்கியே அனுப்பிய மாதிரிப் படிவம். நீங்கள் மாற்றக்கூடியது சொற்பம். உங்கள் கவனம் முழுவதும் தேவைப்படுவது, பணம் வங்கியை விட்டு வெளியேறும் நாளுக்கும் வங்கியின் பெயரில் சார்ஜ் (நிலத்தின் மீதான ஈட்டுரிமை) பதிவாகும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான்.

அதற்கு முன், உங்கள் கட்சிக்காரர் யார் என்பதை எழுத்தில் தெளிவுபடுத்திவிடுங்கள். கடன் கோப்பில் நீங்கள் வங்கியின் வழக்கறிஞர். ஆனால் உங்கள் கட்டணத்தைக் கட்டுபவர் கடன் வாங்குபவர். "பணம் நான்தானே கட்டுறேன், அப்ப நீங்க என் லாயர்தானே?" என்று பினாங்கு ஸ்திரீட் ஜவுளிக்கடை முதலாளி கேட்பதில் வியப்பில்லை. அவருடைய நலனைப் பார்க்க வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துக்கு முன்பே கடிதம் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

அடுத்து கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம். பிறையில் குத்தகை நிலத்தில் நிற்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். நில அலுவலகத் தேடலின் நகலில் உரிமையாளர் பெயரையும் ஏற்கெனவே உள்ள சார்ஜையும் எல்லோரும் பார்க்கிறார்கள். 'ஷாராட் ஞாத்தா', 'செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற இரண்டு பத்திகளை நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. முதலாவது நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனை. விவசாயம் என்று எழுதியிருக்கும் நிலத்தில் தொழிற்சாலை எழும்பியிருந்தால், நிபந்தனை மீறலுக்காக மாநில அரசு நிலத்தைப் பறிமுதல் செய்ய இயலும். நிலம் போனால் வங்கியின் ஈடும் அதோடு போகும். இரண்டாவது, உரிமை மீதான கட்டுப்பாடு. மாநில அரசின் ஒப்புதலின்றி நிலத்தைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ கூடாது என்று அதில் இருந்தால், ஒப்புதல் வரும்வரை சார்ஜ் பதிவாகாது. ஆகவே ஒப்புதல் கைக்கு வராமல் ஒரு ரிங்கிட்கூட வெளியேறக் கூடாது என்பதை முன்நிபந்தனையாகவே எழுதுங்கள். குத்தகை நிலமாயின் மீதமுள்ள ஆண்டுகளைக் கடனின் தவணைக் காலத்தோடு ஒப்பிட்டு வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

தனி உரிமைப் பத்திரம் இன்னும் வெளிவராத அடுக்குமாடிக் கடைகளுக்கு சார்ஜ் சாத்தியமில்லை. உரிமை ஒப்படைப்புப் பத்திரமும் பவர் ஆஃப் அட்டர்னியும் வாங்கி, மேம்பாட்டாளருக்கு எழுத்து மூலம் அறிவித்து, பின்னாளில் பத்திரம் வந்ததும் சார்ஜ் பதிவதற்கு நாட்குறிப்பில் இப்போதே இடம் ஒதுக்குங்கள்.

கையெழுத்து நாளில் உரிமையாளரை நேரில் பாருங்கள். அடையாள அட்டையான மைகார்டை அவர் முகத்தோடு ஒப்பிடுங்கள். தஞ்சோங் பூங்கா நிலம் ஒன்று போலிக் கையெழுத்தால் கைமாறிய வழக்கில், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே நிலம் என்று 2000ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் 2010இல் தவறு என்று கைவிட்டது. பின்னைய வழக்கில் அடிபட்டது வங்கிதான்: குவாந்தான் நிலத்தின் மீது போலி பவர் ஆஃப் அட்டர்னியைக் கொண்டு அது பெற்றிருந்த சார்ஜுகள் ரத்தாயின. போலி ஆவணத்தின் வழியே நேரடியாக உரிமை பெற்றவருக்கு, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தேசிய நிலச் சட்டத்தின் 340ஆவது பிரிவு பாதுகாப்புத் தருவதில்லை. ஆகவே பவர் ஆஃப் அட்டர்னியோடு ஒருவர் வந்தால், அதைக் கொடுத்தவரோடு நீங்களே பேசாமல் கோப்பை நகர்த்தாதீர்கள்.

இனி, பணம் வெளியேறுவதற்கும் சார்ஜ் பதிவாவதற்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி. தொழிலின் தொடக்கத்தில் நான் பட்ட அடி இது. பட்டர்வொர்த் கடைவீடு ஒன்றின் பழைய கடனை எங்கள் வங்கியின் பணம் அடைத்தது. விடுவிப்பு ஆவணத்தையும் கிராண்டையும் எங்களிடமே ஒப்படைப்பதாக எதிர்த்தரப்பிடமிருந்து, அதாவது பழைய கடனைக் கொடுத்தவரிடமிருந்து, உறுதிமொழிக் கடிதம் வாங்க நான் தவறியிருந்தேன். கிராண்ட் உரிமையாளரின் கைக்குப் போனது. அவர் அதைத் தனக்குக் கடன் கொடுத்த இன்னொருவரிடம் ஈடாக ஒப்படைக்க, அந்த ஆள் பிடியுரிமைக் கேவியட் (கிராண்டை ஈடாக வைத்திருப்பவர் நிலத்தில் பிற பதிவுகளைத் தடுக்கப் போடும் குறிப்பு) போட்டுவிட்டார். நான் கொண்டுபோன சார்ஜ் அப்படியே திரும்பி வந்தது. பணம் வெளியேறும் முன்பே வங்கியின் பெயரில் தனியார் கேவியட் பதிந்திருந்தால், அதே நிலச் சட்டத்தின் 322ஆவது பிரிவின்படி அந்தப் பிடியுரிமைக் கேவியட் உள்ளே நுழைந்திருக்கவே முடியாது. அன்று முதல் என் வரிசை மாறவில்லை: உறுதிமொழி, கேவியட், பணம் விடும் நாள் காலையில் மறு தேடல், அதன் பிறகே வங்கிக்குப் பரிந்துரைக் கடிதம்.

முத்திரை வரியில் குழப்பம் குறைவு. முதன்மைக் கடன் ஆவணத்துக்கு 0.5 விழுக்காடு, அதாவது 50 லட்சம் ரிங்கிட் கடனுக்கு 25,000 ரிங்கிட். அதே கடனுக்கான துணை ஈட்டு ஆவணங்களுக்குத் தலா 10 ரிங்கிட். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரையிடுங்கள்.

கடன் வாங்குவது நிறுவனமாயின் இன்னொரு 30 நாள் கணக்கும் ஓடுகிறது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 352ஆவது பிரிவின்படி சார்ஜை மலேசிய நிறுவன ஆணையத்திலும் பதிய வேண்டும். தவறினால் நிறுவனம் கலைக்கப்படும்போது கலைப்பாளருக்கும் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும் எதிராக அந்த ஈடு செல்லாது. நில அலுவலகப் பதிவு முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் இதை மறப்பவர்கள் உண்டு. காலத்தை நீட்டிக்க நீதிமன்றத்தை நாடலாம்தான். ஆனால் அதற்கான விளக்கப் பிரமாணத்தில் உங்கள் அலுவலகத்தின் தவறைத்தான் நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

எல்லாம் பதிவான பின், கோப்பின் முதல் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் எழுதி வையுங்கள். ஒன்று, நிலம் பதிவக உரிமையா (மாநில நிலப் பதிவகத்தில் பதிந்தது), நில அலுவலக உரிமையா (மாவட்ட நில அலுவலகத்தில் பதிந்தது) என்பது. கடன் தவறினால் முன்னதற்கு உயர் நீதிமன்றத்திலும் பின்னதற்கு நில நிர்வாகியிடமும் விற்பனை ஆணை கேட்க வேண்டும். மற்றது, கடன் தவணைக் கடனா, கேட்டவுடன் கட்டவேண்டிய ஓவர்டிராஃப்டா என்பது; கடன் தவறும்போது முன்னதற்கு 16டி படிவ அறிவிப்பு, பின்னதற்கு 16இ. அந்த அறிவிப்பு போய்ச் சேரவேண்டிய முகவரி சார்ஜ் ஆவணத்தில் சரியாக இருக்கிறதா என்பதை, கோப்பைக் கட்டி அலமாரியில் வைக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.