சலவை சோப்பும் மஞ்சளும் இருந்தால் போதும்

பிள்ளைகள் வரைய வண்ணப்பெட்டி தேடி அலைய வேண்டாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவிடுங்கள். சலவை சோப்பு கரைத்த தண்ணீரில் ஈர்க்குச்சியைத் தொட்டு இழுத்தால் செந்நிறக் கோடு விழும். சோப்பின் காரத்தன்மைதான் காரணம். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்! பழைய சட்டை போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.

பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கிழிந்த வலைத்துண்டுக்கும் பனையோலை நறுக்குக்கும் பஞ்சமில்லை. சோப்புத் தண்ணீரில் தோய்த்து அந்தத் தாளில் அழுத்தினால் அச்சு பதியும். கரையில் ஒதுங்கும் பவளத்துண்டை மட்டும் எடுக்க விடாதீர்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

“மீன் வரை, படகு வரை” என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். என்ன வருகிறதோ வரட்டும்.