குளுவாக் கொட்டையை வாங்கும்போதும் உடைத்த பிறகும்

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் கறுப்பு மாட்டிறைச்சிக் குழம்பான ரவோனைச் சமைக்க ஆசைப்பட்டால் முதலில் தெரியவேண்டியது குளுவாக் கொட்டையைப் பற்றித்தான், ஏனென்றால் அந்தக் கறுப்பு நிறமே அதிலிருந்துதான் வருகிறது. சதுப்பு ஓரங்களிலும் காடுகளிலும் வளரும் பெரிய மரம், பழத்துக்குள் கெட்டி ஓட்டோடு கொட்டைகள். பச்சைக் கொட்டையில் சயனைடு விஷம் உண்டு, அதனால் மரத்தடியில் கிடைத்தால்கூட எடுத்துச் சமைக்கவே கூடாது. வேகவைத்து, சாம்பலும் மண்ணும் மூடி 40 நாள் போலப் புதைத்து வைத்து, பருப்பு கறுத்த பிறகு சந்தைக்கு வருவதை மட்டும் வாங்குங்கள்.

வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே லொடலொடவென்று ஆடினால் நல்லது, சத்தமே இல்லாமல் கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் உடைத்ததும் ஒவ்வொன்றிலும் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் தயங்காமல் குப்பைக்கு, ஒன்று கசந்தாலும் முழுச் சட்டியும் போச்சு. நல்லது லேசான புளிப்போடு, எண்ணெய்ப் பசையாக இருக்கும். அரைக் கிலோ கறிக்கு 4, 5 கொட்டை போதும், வெந்நீரில் ஊறவைத்து வெங்காயம், பூண்டு, மல்லி, மஞ்சளோடு அரைத்து எண்ணெயில் நன்றாக வதக்குங்கள். அப்புறம் எலுமிச்சைப்புல் போட்டு, கறி வெந்த தண்ணீரிலேயே கொதிக்க விடலாம். தொட்டுக்கொள்ள உப்பு முட்டையும் (உப்பில் ஊறவைத்த முட்டை) முளைப்பயறும் கட்டாயம், அது இல்லாத ரவோன் எனக்கு அரைகுறைதான்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் புவா கெலுவாக் என்று கேட்டு வாங்குங்கள்.