தோட்டா சுவரைத் தாண்டிப் போனால்

விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான கோடோவில் ஒரு 2டி துப்பாக்கி விளையாட்டு செய்துகொண்டிருந்தேன். தோட்டா சில நேரம் சுவரில் பட்டு மறையும், சில நேரம் சுவரே இல்லாதது போல அந்தப் பக்கம் போய்விடும். எது எதன் மேல் மோதலாம் என்று சொல்லும் கொலிஷன் லேயர், மாஸ்க் எல்லாம் சரியாகவே இருந்தன. டீபக் மெனுவில், மோதல் வடிவங்களைத் திரையில் காட்டும் 'விசிபிள் கொலிஷன் ஷேப்ஸ்' போட்டுப் பார்த்ததும்தான் விஷயம் பிடிபட்டது.

தோட்டாவின் வேகம் நொடிக்கு 3000 பிக்சல். இயற்பியல் கணக்கு இயல்பாக நொடிக்கு 60 தடவை ஓடுகிறது, அதாவது ஒவ்வொரு தடவையும் தோட்டா 50 பிக்சல் தாவுகிறது, சுவரோ 16 பிக்சல் தடிமன், அப்புறம் எப்படிப் படும்? என் தோட்டா ஏரியா2டி என்ற வகை; அது, தான் இருக்கும் இடத்தில் எதன் மேலாவது படிகிறதா என்று மட்டும் பார்க்கும். கடந்து வந்த வழியைப் பார்க்காது.

டிக் எண்ணிக்கையை, அதாவது இயற்பியல் கணக்கு நொடிக்கு ஓடும் தடவைகளை, 240 ஆக்கினாலும் தீரும், ஆனால் அந்தச் சுமை மொத்த விளையாட்டுக்கும் ஏறும், பழைய போன்களுக்கு அது ஆகாது. அதனால் ஒவ்வொரு டிக்கிலும் ஓடும் ஃபிசிக்ஸ் பிராசஸில் தோட்டாவை நகர்த்தும் முன், இப்போதைய இடத்திலிருந்து அடுத்த இடம் வரை 'இன்டர்செக்ட் ரே' என்ற கட்டளையைக் கொண்டு ஒரு கோடு விட்டுப் பார்க்கிறேன். பட்டால் அந்தப் புள்ளியிலேயே தோட்டா நிற்கும், தீப்பொறியும் சரியான இடத்தில் வரும், பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருக்கிறது! எதிரியின் உடலும் ஏரியாவாக இருந்தால் அந்தக் கோடு ஏரியாக்களிலும் பட 'கொலைட் வித் ஏரியாஸ்' ஆன் செய்துவிடுங்கள், இயல்பில் அது ஆஃப். இயற்பியல் கணக்கே நகர்த்தும் ரிஜிட்பாடி2டி வகைத் தோட்டா என்றால், கடந்து வரும் வழியையும் பார்க்கும் 'கன்டினியுவஸ் சிடி' அமைப்பை முதலில் முயன்று பாருங்கள்.